நூறு ஃப்ரேமில் எடுத்த ஆசீர்வாதம்

கல்யாண வீடியோ எடுப்பவர்களில் எல்லாவற்றையும் எடுப்பவர்கள் ஒரு வகை, அழகாக இருப்பதை மட்டும் எடுப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை என்று தஞ்சாவூர்ப் பக்கம் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பந்தியில் சாப்பிடுகிறவர்களின் வாயை எடுக்க மாட்டேன். மேடையில் பரிசுப் பெட்டியோடு வரிசையில் நிற்பவர்களை எடுக்க மாட்டேன். யாராவது குறுக்கே வந்தால் வாயில் வந்தபடி சொல்லிவிடுவேன். கலைஞனுக்குக் கோபம் இருக்கும் என்று என் சண்டைக்கெல்லாம் ஜனங்களே நல்ல பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தலை கனத்துப் போயிருந்தது.

என் தங்கையின் கல்யாணத்தையும் நானே எடுப்பது என்று முடிவு செய்தேன். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை.

"நீ அண்ணனா நில்லுப்பா. கேமராவ வேற யார்கிட்டயாவது குடு" என்றார்.

"வேற யாரு எடுத்தாலும் எனக்குப் பிடிக்காதுப்பா" என்றேன்.

அப்பா எதையும் இரண்டு முறை சொல்கிற ஆள் இல்லை. "ஒரு தடவ சொல்லியாச்சுல்ல" என்பது அவர் பேச்சில் அடிக்கடி வரும். அவர் தொழிலும் அப்படி. வெளியூரிலிருந்து வரும் அறுப்பு மிஷின்களை எங்கள் பகுதி விவசாயிகளுக்குப் பிடித்துத் தரும் ஏஜெண்ட் அவர். வலங்கைமானுக்குப் போகிற சாலையில் எந்த ஊரில் எந்த வயல் என்றைக்கு அறுப்புக்கு நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். தை மாசி முழுக்கப் போன் காதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே சுருதியில்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்க அவர் எழுந்தால் மைக் வைப்பவர் சத்தத்தைக் குறைத்து வைப்பார்.

அந்தக் குரல் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் கம்மத் தொடங்கியது. மிஷினோடு கத்திக் கத்தித்தான் இப்படி ஆகிவிட்டது என்று எல்லோரும் கேலி செய்தோம். நானும்தான். கடைசியில் திருச்சியில் பரிசோதனை செய்து பார்த்தபோது தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் அதன் பிறகு பேச்சு வராது. கல்யாணத்துக்கு நாள் குறித்து, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவும் சொல்லியாகிவிட்டது. கல்யாணம் முடிந்த கையோடு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், அதுவரை தொண்டையைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அப்பா அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார். வெந்நீர் குடித்தார். வந்த போன்களை அம்மா எடுத்து, எந்த அறுப்பு மிஷின் வேண்டும், டயர் வண்டியா பெல்ட் வண்டியா என்று கேட்கக் கற்றுக்கொண்டார். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் அப்பா கையெடுத்துக் கும்பிட்டதோடு சரி. எதற்காகக் குரலை இப்படிச் சேர்த்து வைக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கத்தோலிக்க வீடுகளில் கல்யாணப் பெண் கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டுக் கூடத்தில் ஒரு ஆசீர்வாதம் நடக்கும். பெண் முழந்தாளிடுவாள். அப்பா அவள் தலையில் கை வைத்து, புத்தகத்தில் இல்லாத ஒரு ஜெபத்தைச் சொந்த வார்த்தையில் சொல்வார். சொல்லி முடித்து, கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார். பெரிய சடங்கு இல்லை, இரண்டு மூன்று நிமிஷ வேலை. ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் அது, அப்பா தன் சொந்தக் குரலில் தன் மகளிடம் கடைசியாக நீளமாகப் பேசப் போகிற பேச்சு. தங்கை என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். "மத்ததெல்லாம் எப்படி எடுத்தாலும் சரி அண்ணா. அப்பா பேசுறது மட்டும் எனக்கு முழுசா வேணும்."

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடியோ என்பது வேகமாக மாறும் புகைப்படங்கள்தான். ஒரு வினாடிக்கு எத்தனை படம் என்பது ஃப்ரேம் ரேட். ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறோம் என்பது ஷட்டர் ஸ்பீடு. நம் ஊர் கரண்டுக்கு இருபத்தைந்து ஃப்ரேம், ஐம்பதில் ஒரு பங்கு வினாடி ஷட்டர் என்று வைத்துக்கொண்டால் அது வீட்டுச் சாப்பாடு மாதிரி, ஒன்றும் செய்யாது. டியூப்லைட் துடிக்காது. கையை வீசினால் லேசாகக் கலங்கித் தெரியும். நம் கண்ணுக்கும் அப்படித்தானே தெரிகிறது. சத்தமும் கூடவே பதிவாகும்.

நூறு ஃப்ரேமுக்குப் போனால் ஷட்டரை இருநூறில் ஒரு பங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி எடுத்ததை இருபத்தைந்தாக ஓட்டும்போது உலகம் நான்கு மடங்கு மெதுவாகிவிடும். பூ உதிர்வது, முந்தானை அசைவது, கண்ணில் நீர் திரள்வது எல்லாம் எண்ணி எண்ணி நடக்கும். ஜனங்கள் அதற்குத்தான் மயங்குகிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் அது துடிக்கும், ஆகவே விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். இன்னொன்று, என் கேமராவில் அந்த முறையில் சத்தம் பதிவாகாது. திரையின் ஓரத்தில் பேச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கும் பச்சைக் கோடுகள் மறைந்துவிடும். கேமரா நமக்குத் தருகிற எச்சரிக்கை அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. வேலை கேட்டு என்னிடம் வருகிறவர்களை நான் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். பதில் தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கல்யாணத்தன்று காலை, அப்பாவின் சட்டையில் சின்ன மைக்கை நானே குத்திவிட்டேன். அதிலிருந்து சத்தம் கம்பியில்லாமல் நேராகக் கேமராவுக்கு வரும். வேறெங்கும் போகாது. அப்பா குனிந்து அதைப் பார்த்தார்.

"சத்தம் சரியா விழும்ல?"

"விழும்பா. நீங்க மெதுவாப் பேசினாலே போதும்."

"கத்த முடியாது."

"கத்தவே வேணாம்பா."

சத்தத்துக்காக நான் அன்றைக்குச் செய்த ஏற்பாடுகளை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. கூடத்து மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். பட்டுச் சேலைகளில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. சமையல்காரர்களைப் பாத்திரம் உருட்டாமல் இருக்கச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் வயலில் பனி காய்ந்ததும் ஒரு அறுப்பு மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. அப்பா கொண்டுவந்து விட்ட மிஷின்தான். போய்ச் சொன்னதும் ஓட்டுநர் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். தை மாதத்தில் ஒரு மிஷினைப் பாதி வயலில் நிறுத்துவது எங்கள் ஊரில் சாதாரண மரியாதை இல்லை.

அப்புறம் போன்கள். கூடத்தில் நின்ற உறவுக்காரர்கள் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"யாரும் போன்ல எடுக்காதீங்க. ஃப்ரேம் முழுக்கப் போனாத் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும். எல்லாத்தையும் நான் தர்றேன்" என்றேன்.

சித்தப்பா மட்டும் இழுத்தார். "ஒன்னே ஒன்னு இருந்துட்டுப் போவட்டுமேப்பா."

"ஏன் சித்தப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டால் மனிதர் என்ன சொல்வார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

டியூப்லைட்டை அணைத்து, கிழக்கு ஜன்னலின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தேன். அம்மா தங்கையின் தலையில் முக்காட்டு நெட் போட்டுவிடுவதை முதலில் நூறு ஃப்ரேமில் எடுத்தேன். அப்பா ஜெபத்தைத் தொடங்கும் முன் குமிழைத் திருப்பி இருபத்தைந்துக்கு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். தங்கை முழந்தாளிட்டாள். அப்பா அவள் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோனார். அந்தக் கை இறங்குவதையும் மெதுவாக எடுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. கை இறங்கியது. ஜன்னல் வெளிச்சம் அவர் நரைத்த மீசையில் விழுந்தது. அவர் உதடுகள் அசையத் தொடங்கின. இன்னும் ஒரு வினாடி, இன்னும் ஒரு வினாடி என்று நான் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபோகஸ் அவர் கண்ணில் இருந்தது, அங்கிருந்து தங்கையின் கண்ணுக்குப் போனது, மறுபடி அவர் விரலுக்கு வந்தது. அதைவிடச் சுத்தமாக நான் வாழ்நாளில் ஃபோகஸ் பிடித்ததில்லை.

குமிழைத் திருப்ப மறந்துவிட்டேன் என்றுதான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். அது மறதி என்று எனக்கே முழுக்க நம்பிக்கை இல்லை. திருப்பினால் அந்தப் படம் போய்விடும் என்று ஏதோ ஒரு ஓரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் படத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஜெபம் முடிந்தது. அப்பா சிலுவை போட்டார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அடுத்த காட்சிக்காக வாசலுக்கு ஓடினேன், காரில் ஏறுவதை எதிரிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. பின் வயலில் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. தங்கை திருவாரூருக்குப் போனாள். நாங்கள் அப்பாவை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போனோம். கேமரா கார்டுகளைக் கணினியில் ஏற்றி வைத்தேனே தவிர, ஒன்றையும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா கேட்டார், "அந்த ஜெபத்தப் போட்டுக் காட்டேன். கேட்டுட்டுப் போறேன்."

லேப்டாப் என் மடியில்தான் இருந்தது. "எடிட் பண்ணாம யாருக்கும் காட்ட மாட்டேன்பா. பச்சையாப் பாத்தா நல்லா இருக்காது" என்றேன்.

இது என் தொழிலில் நான் வைத்திருந்த சட்டம். வாடிக்கையாளருக்கு முடிக்காத வேலையைக் காட்டக் கூடாது. அன்றைக்குக் காட்டியிருந்தால் சத்தம் இல்லாதது அங்கேயே தெரிந்திருக்கும். அப்பாவின் குரல் அப்போதும் அவர் தொண்டையில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடி இன்னொரு முறை சொல்லியிருப்பார், அதை நான் போனில் பதிந்திருக்கலாம். என் சட்டத்தை நான் காப்பாற்றினேன்.

அப்பா வீடு திரும்பிய பிறகுதான் அந்த ஜெபத்தின் வீடியோத் துண்டைத் திறந்தேன். படம் ஓடியது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு ஹெட்போனைக் குற்றம் சொன்னேன். கடைசியில் கோப்பின் விவரத்தைப் பார்த்தபோது, ஒலி என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. என் வீடியோக் கடையின் இரும்பு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதன் மேல் ஒரு புல்லாங்குழல் இசையைப் போட்டேன். சிலுவை போட்ட விரல் நெற்றியிலிருந்து மேலே எழும் இடத்தில் வெட்டினேன். அதற்குப் பிறகு அப்பா கேமரா பக்கம் திரும்பி வாயை மெதுவாகத் திறக்கிறார், கொட்டாவி போல இருந்தது. ஓரத்தில் தோல் நிறத்தில் ஏதோ மங்கலாகக் குறுக்கே எழும்பிப் படத்தைக் கெடுத்தது. அதை எறிந்தேன். மிச்சம் இருந்தது அவ்வளவு அழகாக இருந்தது. கல்யாண வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் அழுதார்கள். "அந்த அப்பா ஷாட் மாதிரியே எங்களுக்கும் வேணும்" என்று பேராவூரணியிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

தங்கை மட்டும் போன் செய்தாள். "நல்லா இருக்கு அண்ணா. பாட்டு இல்லாம அனுப்பு. அப்பா பேசினது மட்டும் வேணும்."

சொன்னேன். இதற்குமேல் மறைக்க வழியில்லை. போனின் அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் கத்தியது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"சரி. நீ அங்கதான நின்ன? எனக்கு அழுகையில ஒன்னும் காதுல விழல. அப்பா என்ன சொன்னாரு, நீ சொல்லு."

நான் கண்ணை மூடி யோசித்தேன். அப்பாவின் மூக்கு நுனியில் ஒரு வேர்வைத் துளி நின்றது நினைவிருக்கிறது. நெட்டின் ஓரத் தையலில் ஒரு நூல் பிரிந்திருந்தது நினைவிருக்கிறது. வெளிச்சம் இடது பக்கம் கொஞ்சம் குறைந்தது, அம்மா நகர்ந்து நின்றதால் என்பதுகூட நினைவிருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று என் அப்பா பேசியதில் ஒரு சொல்கூட எனக்குள் போகவில்லை. கேமராவைக் குறை சொல்ல அதோடு எனக்கு வாய் இல்லாமல் போயிற்று.

"நீ வெறும் கேமராமேனா வந்திருக்க அண்ணா" என்றாள். திட்டவில்லை, சத்தம் போடவில்லை. வைத்துவிட்டாள்.

உறவுக்காரர்களிடம் விசாரித்தேன். அப்பாவின் கம்மிய குரல் யாருக்கும் சரியாக எட்டியிருக்கவில்லை. சித்தப்பா, "நல்லா இருக்கணும்னு சொன்னாரு" என்றார். அம்மாவுக்கு ஆரம்பம் மட்டும் நினைவிருந்தது. அப்பாவிடமே கேட்டோம். அவர் கழுத்தில் இப்போது ஒரு துளையும், அதன் மேல் வெள்ளைத் துணியும் இருக்கும். பேச்சு உதட்டோடு நின்றுவிடும். அம்மாதான் அதைப் படித்துச் சொல்வார்; சில மாதங்களில் அம்மாவுக்கு அது அத்துப்படி ஆகியிருந்தது. "'நெனச்சு வச்சுப் பேசல. வாயில வந்துச்சு, சொன்னேன்'ங்கறாரு" என்றார் அம்மா.

அப்பாவின் குரலே இல்லை என்று ஆகிவிடவில்லை. எங்கள் எல்லோர் போனிலும் அவர் அனுப்பிய குரல் செய்திகள் கிடக்கின்றன. பெல்ட் வண்டி நாளைக்கு வரும், டயர் வண்டி சேற்றில் இறங்காது, டீசலுக்குச் சொல்லி வை. கேட்டால் அப்பாதான். ஆனால் எந்த மகள் அதைப் போட்டுக் கேட்பாள்.

தங்கை அதன் பிறகு அம்மாவுக்கு மட்டும்தான் போன் செய்தாள். பதில் பேச முடியாதவரிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தயக்கம். "அப்பா நல்லா இருக்காரா?" என்று அம்மாவிடம் கேட்பாள். அம்மா "இருக்காரு" என்பார். எதிர் நாற்காலியில் அப்பா உட்கார்ந்து அம்மாவின் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய போன் அவர் சட்டைப் பையில் இருக்கும். யாரும் கூப்பிடாத அந்தப் போனுக்கு அவர் தினமும் சார்ஜ் போட்டார். சொல்லப்போனால் நானும் அவரைக் கூப்பிடவில்லை.

தங்கை பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் சொன்னாள், "அந்தத் துண்டப் போடு அண்ணா. சத்தம் இல்லாட்டிப் பரவால்ல. ஆனா மெதுவா ஓடுறது வேணாம். அப்பா எந்த வேகத்துல இருந்தாரோ அந்த வேகத்துல போடு."

அது பெரிய வேலை இல்லை. வேகத்தை நான்கு மடங்கு என்று மாற்றினால் நூறு ஃப்ரேமும் ஒரு வினாடிக்குள் வந்துவிடும். ஒரே ஒரு எண்ணைத் தட்ட வேண்டும். இத்தனை மாதமும் நான் அதைத் தட்டவில்லை. அந்தக் கோப்பின் பெயரைப் பார்த்தாலே தாண்டிப் போய்விடுவேன்.

அதே கூடத்தில் மேஜை மேல் லேப்டாப்பை வைத்தேன். வெட்டாத முழுத் துண்டு. அப்பா நாற்காலியில், தங்கை அவருக்குப் பக்கத்தில், அம்மா கையில் ஈரத் துணியோடு நின்றார். படம் ஓடியது. கல்யாண வீடியோவில் மிதந்து மிதந்து இறங்கிய கை இப்போது சட்டென்று இறங்கித் தங்கையின் தலையில் உட்கார்ந்தது. அப்பா எப்போதும் கை வைப்பது அப்படித்தான். உதடுகள் அசைந்தன. ஷட்டர் வேகத்தின் புண்ணியத்தில் ஒவ்வொரு அசைவும் கலங்காமல் தெளிவாக இருந்தது.

"ஆண்டவரே, இந்தப் புள்ளைய நீங்கதான் குடுத்தீங்க" என்றார் அம்மா.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அம்மா எங்களைப் பார்க்கவில்லை. திரையில் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டு வேளையில் அவர் கேட்பதைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வளத்தேன்னு சொல்ல முடியாது. பாதி நாளு வயக்காட்டுலதான் கெடந்தேன். இவ அம்மாதான் வளத்தா." அம்மா இங்கே கொஞ்சம் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கோவம் வந்தா இவளுக்குச் சோறு எறங்காது. அந்த வீட்ல அது யாருக்கும் தெரியாது. நீங்க பாத்துக்குங்க."

தங்கை சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு. திரையில் அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "இங்க என்னமோ சொல்றாரு, துண்டு மறைக்குது" என்றார் அம்மா. துண்டு விலகியது.

"எனக்கு வாய்தான் போவுது. காது போவல. இவ என்கிட்டப் பேசறத நிறுத்திடக் கூடாது ஆண்டவரே. நான் பதில் சொல்லலன்னாலும் இவ போன் பண்ணணும். நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அம்மாவுக்கு உறைத்தது. கையில் இருந்த ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டார். தங்கை அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவர் கை சட்டைப் பையில் இருந்த போனின் மேல் இருந்தது.

"எனக்கு இது கேக்கவே இல்லப்பா. சத்தியமா எனக்குக் கேக்கல."

அப்பாவின் உதடுகள் அசைந்தன. அம்மா துணியை இறக்கிவிட்டுப் படித்தார். "'கேட்டுட்டும் போன் பண்ணலன்னு நெனச்சேன்'ங்கறாரு."

அவர் யாரையும் குறை சொல்கிற முகத்தோடு சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லியாகிவிட்டது, அதற்கு மேல் பெண்ணின் இஷ்டம் என்று அத்தனை மாதமும் இருந்திருக்கிறார். தங்கை அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படத்தை நிறுத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அப்பா சிலுவை போட்டார். விரல் எழுந்தது. நான் வெட்டிய இடம் தாண்டியது. அவர் முகம் கேமராவின் பக்கம் திரும்பியது.

"இன்னும் என்னமோ இருக்கு" என்றார் அம்மா. "உன்னப் பாத்துத்தான் கேக்கறாரு."

"என்னன்னு?"

"'சத்தம் விழுந்துச்சாப்பா?'ன்னு."

படத்தின் ஓரத்தில், மங்கலான ஏதோ ஒன்று என்று நான் வெட்டி எறிந்தது எழும்பியது. சரியான வேகத்தில் அது என்ன என்பதில் சந்தேகமே இல்லை. என் கட்டைவிரல். நேராக நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்து அப்பா சிரித்தார், பிறகு சட்டையிலிருந்து மைக்கைக் கவனமாகக் கழற்ற ஆரம்பித்தார்.